புகையும் சாட்சியும்

மோட்டார்க் காரின் முகப்புப் பலகையில், வேகமானிக்கு அருகே, எஞ்சின் வடிவில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு உண்டு. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அது ஒளிர்ந்து நிற்கும். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் ஸ்கேனர் என்னும் கருவியைக் காரில் மாட்டுவார். அதன் திரையில் 'பி 0131' என்பது போன்று ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றும். பொருள் கேட்டால் 'ஆக்ஸிஜன் சென்சார்' என்று விடை வரும். பலர் அந்தச் சென்சாரை உடனே கழற்றி எறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் பொருத்திக் கொள்வர். விளக்கு அணையும். சில நாட்கள் சென்றபின், அதே விளக்கு, அதே எண்ணுடன் மீண்டும் ஒளிரும்.

ஏன் அப்படி நேர்கிறது? அந்த எண் ஒரு சாட்சியின் வாக்குமூலம். நீதிபதியின் தீர்ப்பு என்று நாம் அதைக் கொண்டுவிடுகிறோம். சாட்சி சொல்வதைக் கேட்டு, விசாரித்து, அதன்பின் குற்றவாளியைக் காண்பதே முறை. இந்தப் பாடம் மெக்கானிக்குகளுக்கு மட்டும் உரியதன்று. காருக்குள் ஆக்ஸிஜன் சென்சார் என்ற கருவி வந்து சேர்ந்த வரலாறே, அவசரமாகக் குற்றஞ்சாட்டித் தோற்ற ஒரு நகரத்தின் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. அக்கதையை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

அந்நகரம், அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ். காலம், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள், நகரத்தின் நடுவே ஒரு விசித்திரமான மூட்டம் கவிந்தது. சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மக்களின் கண்கள் எரிந்து நீர் வடிந்தன, தொண்டை கரகரத்தது. ஜப்பானியர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர்.

அச்சம் தணிந்ததும் குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கிற்று. நகரத்தின் அலிசோ தெருவில், செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டடையீன் என்னும் பொருளைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அதன் நாற்றம் ஊரறிந்த ஒன்று. பொதுமக்களின் கூக்குரல் பெருகவே, போர்க்காலம் என்றும் பாராமல் அந்த ஆலையைச் சிறிது காலம் மூடினார்கள். ஆனால் மூட்டம் நீங்கவில்லை. ஆலை நின்றது, கண்ணெரிச்சல் நிற்கவில்லை. முதல் குற்றச்சாட்டு பொய்த்துப்போயிற்று.

அடுத்து, பழைய அனுபவத்தை நம்பினார்கள். லண்டன் முதலிய நகரங்களில் புகைமூட்டத்திற்குக் காரணம் நிலக்கரிப் புகையும் கந்தக டை ஆக்ஸைடும் என்பது தெரிந்த செய்தி. ஆகவே, 1947-இல் அமைக்கப்பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் காற்றுத்தூய்மைத் துறையினர், ஆலைகளின் புகைபோக்கிகளையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கந்தகத்தையும் கட்டுப்படுத்த முனைந்தனர். அது பயனற்ற வேலை என்று சொல்ல முடியாது. காற்றில் கந்தகம் குறைந்தது. எனினும் கண்கள் எரிந்துகொண்டே இருந்தன. லண்டனின் நோய்க்குரிய மருந்தை லாஸ் ஏஞ்சல்ஸ் உட்கொண்டது, நோயோ வேறு.

இந்நிலையில்தான் ஆரி ஹாகென்-ஸ்மிட் என்ற அறிஞர் அரங்கிற்கு வருகிறார். ஹாலந்து நாட்டிற் பிறந்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர் அவர். அன்னாசிப் பழத்தின் மணத்திற்குக் காரணமான பொருள்கள் எவை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் ஆவியைக் கடுங்குளிரில் உறையச் செய்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஆராய்வது அவரது முறை. அந்த முறையையே ஊர்க் காற்றின்மீதும் செலுத்திப் பார்த்தார். ஏராளமான காற்றைக் குளிர்ந்த குழாய்களில் செலுத்தியபோது, மணங்கெட்ட பழுப்புநிறத் துளிகள் தேங்கின. அவற்றுள் பெட்ரோலியப் பொருள்கள் பாதி ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததால் உண்டாகும் பொருள்கள் இருந்தன.

அவற்றிற்கு ஆக்ஸிஜனை அளித்தது எது? 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாகென்-ஸ்மிட் நடத்திய சோதனைகள் இதற்கு விடை தந்தன. பெட்ரோல் ஆவியில் உள்ள ஹைட்ரோகார்பன்களும், எஞ்சினின் வெப்பத்தில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் கலந்து வினைபுரியும்போது ஓசோன் முதலிய காரமான பொருள்கள் உண்டாகின்றன. இழுத்து வளைத்த ரப்பர்த் துண்டுகளை ஓசோன் வெடிக்கச் செய்யும் ஆதலால், ரப்பரே அவருக்கு ஓர் அளவுகோலாயிற்று. வெயில் மிகுந்த ஊர். காற்று வெளியேறாதவாறு வடக்கிலும் கிழக்கிலும் மலைகள். மேலே மூடிபோல் நிற்கும் வெப்பக் காற்றடுக்கு. கீழே இலட்சக்கணக்கான மோட்டார் வண்டிகள். குற்றவாளி ஒரு தனி ஆலை அன்று. ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலிலும் நின்ற காரே பெருங்காரணமாய் இருந்தது.

இவ்வுண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. எண்ணெய்த் தொழிலினரின் பொருளுதவி பெற்ற ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவரது முடிவை மறுத்தது. ஹாகென்-ஸ்மிட் தம் சோதனைகளை மேலும் உறுதியாக்கி விடையளித்தார். காலப்போக்கில் அவர் கூற்றே நிலைத்தது. 1967-இல் கலிபோர்னியா காற்றுவள வாரியம் சட்டத்தின் வாயிலாக அமைந்தபோது, அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்தார்.

நோய் இன்னதென்று அறிந்தாயிற்று. இனி மருந்து வேண்டும். 1970-ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் நச்சுக்கழிவை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்கவேண்டும் என்று காலக்கெடுவுடன் கட்டளையிட்டது. கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன்கள் ஆகிய இரண்டிற்கும் 1975-ஆம் ஆண்டு மாடல்கள்; நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கு 1976-ஆம் ஆண்டு மாடல்கள். கார் உற்பத்தியாளர்கள் திகைத்தனர், தவணையும் கேட்டனர், பெற்றனர். ஆனால் வழி அடைபடவில்லை.

அவர்கள் கண்ட வழி, வினையூக்கி மாற்றி. பிளாட்டினம் போன்ற உயர்ந்த உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்ட தேன்கூடு போன்ற பீங்கான் துண்டின் ஊடே புகையைச் செலுத்தினால், அங்கே அது எரிந்து தூய்மையடைகிறது. பிரெஞ்சுப் பொறியியலாளர் யூஜீன் ஹூட்ரி 1950-களிலேயே இத்தகைய கருவியை உருவாக்கியிருந்தார். ஆனால் அக்காலப் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் கலந்திருந்தது. அந்த ஈயம் வினையூக்கியின்மீது படிந்து அதைச் செயலறச் செய்துவிடும். ஆகவே 1975-ஆம் ஆண்டு மாடல்களில் மாற்றி வந்தபோது, ஈயமற்ற பெட்ரோலும் உடன் வரவேண்டியதாயிற்று.

இங்கே ஒரு நுட்பமான இடையூறு எழுந்தது. கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பன்களையும் அழிக்க ஆக்ஸிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அழிக்கவோ, அவற்றினின்று ஆக்ஸிஜனைப் பறிக்கவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தொழில்களையும் ஒரே மாற்றி செய்யவேண்டுமானால், எஞ்சினுக்குள் செல்லும் கலவை மிகத் துல்லியமாக இருத்தல் வேண்டும். எடைக்கு எடை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. இதில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் மூன்று நஞ்சுகளுள் ஏதேனும் ஒன்று தப்பிவிடும். பழைய கார்புரேட்டருக்கு இத்துணைத் துல்லியம் கைவராது. எரிந்தபின் எஞ்சியது என்ன என்று முகர்ந்து பார்த்து, அவ்வப்போது சொல்லக்கூடிய ஒரு மூக்கு காருக்குத் தேவைப்பட்டது.

அந்த மூக்கிற்குரிய பொருளை அறிவுலகம் முன்னரே அறிந்திருந்தது. ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிர்க்கோனியம் ஆக்ஸைடு கலந்த ஒரு பீங்கான் தண்டைச் சூடேற்றினால் அதன் வழியே மின்சாரம் பாய்வதைக் கண்டு, அதைக்கொண்டு ஒரு விளக்குச் செய்தார். அந்த விளக்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆனால் அந்தப் பீங்கானில் மின்சாரத்தைச் சுமந்து செல்வன ஆக்ஸிஜன் அயனிகள் என்ற உண்மை நிலைத்தது. வீட்டுக்கு ஒளி தர வந்த பொருள், முக்கால் நூற்றாண்டு கழித்துப் புகையை முகர வந்தது.

விரல்நுனிக்கு இடும் உறை போன்ற சிறு சிர்க்கோனியாக் கிண்ணத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் உட்புறமும் வெளிப்புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்புறத்தைப் புகை தழுவுகிறது. உட்புறத்தில் ஊர்க் காற்று நிற்கிறது. ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியதும், இருபுறத்து ஆக்ஸிஜன் அளவில் உள்ள வேற்றுமைக்கேற்ப ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் புகையில் ஆக்ஸிஜன் அற்றுப்போகும், அழுத்தம் 0.8 அல்லது 0.9 வோல்ட்டுக்கு உயரும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவிற்குத் தாழும். காரின் கணிப்பொறி 0.45 வோல்ட்டை நடுக்கோடாகக் கொண்டு, பெட்ரோலைச் சற்றுக் கூட்டியும் சற்றுக் குறைத்தும் கலவையைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இக்கருவியை 1976-இல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்கள் அதைத் தாங்கி அமெரிக்கச் சந்தைக்கு முதலில் வந்தன. புகையின் சூட்டிற்காகக் காத்திராமல் தானே சூடேறும்படி, 1980-களில் சென்சாருக்குள்ளேயே ஒரு மின்சூடேற்றியும் பொருத்தப்பட்டது.

நிற்க. காவலன் ஒருவனை நியமித்தால், அவன் உறங்கிவிட்டானா என்று பார்க்க மற்றொருவன் வேண்டும் அல்லவா? சென்சார் முதுமை அடையும், அதன்மீது கரி படியும், கம்பி அறுந்துபோகும். அப்போது கார் ஓடும். ஆனால் நஞ்சைக் கக்கிக்கொண்டே ஓடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே, கார் தன் குறையைத் தானே கண்டு சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா வாரியம் 1985-இல் விதி வகுத்தது. 1988-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஓ.பி.டி. என்று பெயர். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறிமொழி வைத்திருந்தது. ஒருவர் காரின் மொழி மற்றவர் கருவிக்குப் புரியாது. இக்குறையை நீக்கிய இரண்டாம் ஓ.பி.டி. முறை, அமெரிக்காவில் விற்கப்படும் 1996-ஆம் ஆண்டு மாடல் கார்கள் அனைத்திற்கும் கட்டாயமாயிற்று. பதினாறு முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பு; யாவர்க்கும் பொதுவான குறியெண்கள்.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் படிகளைக் காணலாம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. அவற்றிற்கென ஈயமற்ற பெட்ரோலும் விற்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே வழக்கிற்கு வந்தது. கார்களில் ஓ.பி.டி. முறை 2010-இலும், அதன் இரண்டாம் படி 2013-இலும் வந்தன.

இனி அந்தக் குறியெண்ணுக்கு வருவோம். அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'பி' என்ற எழுத்து எஞ்சினையும் அதன் விசையைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் உறுப்புகளையும் குறிக்கும். அடுத்துள்ள 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்பதைச் சொல்லும். அதன் பின்னுள்ள 1, காற்றும் எரிபொருளும் பற்றிய பகுதி என்பதைக் காட்டும். கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட நிலையைச் சொல்லும். மாற்றிக்கு முன்னுள்ள முதல் சென்சாரின் அழுத்தம் தாழ்ந்தே நின்றால் 0131. உயர்ந்தே நின்றால் 0132. மாற்றத்தை மெதுவாகவே காட்டினால் 0133. அசைவே இன்றிக் கிடந்தால் 0134. அதன் சூடேற்றியின் சுற்றில் குறையிருந்தால் 0135. மாற்றிக்குப் பின்னும் ஒரு சென்சார் உண்டு. நல்ல மாற்றி, ஆக்ஸிஜனைத் தேக்கி வைத்துக்கொள்வதால், பின் சென்சாரின் அழுத்தம் பெரும்பாலும் அலையாமல் நிற்கும். அதுவும் முன் சென்சாரைப் போலவே அலைபாயத் தொடங்கினால், மாற்றி தன் ஆற்றலை இழந்ததோ என்று ஐயுற்று 0420 என்ற எண் எழும்.

இவற்றில் எந்த எண்ணாவது, சென்சாரை மாற்று என்று சொல்கிறதா? இல்லை. 'அழுத்தம் தாழ்ந்தே நிற்கிறது' என்றுதான் 0131 சொல்கிறது. சென்சார் பழுதாகி அப்படிச் சொல்லலாம். அல்லது புகையில் ஆக்ஸிஜன் உண்மையிலேயே மிகுந்திருப்பதால் அது நேர்மையாகவே சொல்லலாம். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஆக்ஸிஜன் கூடும். எஞ்சினுக்குள் காற்று செல்லும் பாதையில் ஒரு ரப்பர்க் குழாய் கிழிந்திருந்தால், கணக்கில் வராத காற்று நுழையும். பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்தாலும் இதே விளைவுதான்.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் பொறி எழுப்பத் தவறுகிறது என்று கொள்வோம். அங்கே பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது. இரண்டும் அப்படியே புகைக்குழாய்க்கு வந்துசேரும். சென்சார் பெட்ரோலை எண்ணுவதில்லை. ஆக்ஸிஜனை மட்டுமே அறியும். 'காற்று மிகுதி' என்று அது கூறும். கணிப்பொறி அதை நம்பி மேலும் பெட்ரோலை ஊற்றும். எரியாத பெட்ரோல் சூடான மாற்றியில் சென்று எரிந்து அதையும் கெடுத்துவிடக்கூடும். இங்கே சாட்சி பொய் சொல்லவில்லை. அவன் பார்த்ததை மட்டுமே சொன்னான். கேட்டவர்கள் அதற்கு மேலும் பொருள் கொண்டார்கள்.

ஆகவே தேர்ந்த மெக்கானிக் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவார். எண்ணை உடனே அழித்துவிடமாட்டார். அது எழுந்தபோது எஞ்சினின் வேகம், சூடு முதலியன எப்படி இருந்தன என்று கணிப்பொறி பதிந்து வைத்த குறிப்பை முதலில் படிப்பார். உடன் எழுந்த பிற எண்களையும் பார்ப்பார். கம்பிகளையும் இணைப்புகளையும் சோதிப்பார். புகைக்குழாயிலும் காற்றுப்பாதையிலும் கசிவு உண்டா என்று தேடுவார். சூடேற்றியின்மீது புகார் என்றால் ஃபியூஸைப் பார்த்து, மல்டிமீட்டரால் மின்தடையை அளப்பார். இறுதியில் சென்சாரையே விசாரிப்பார். எஞ்சின் சூடான நிலையில் கலவையில் எரிபொருளைச் சற்று மிகுவித்தால், அழுத்தம் 0.9 வோல்ட்டை நோக்கி ஏறுகிறதா? ஒரு காற்றுக்குழாயைச் சற்றுத் தளர்த்தினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்குகிறதா? இரண்டையும் விரைவாகச் செய்யுமாயின் சென்சார் குற்றமற்றது. இவ்வளவுகள் முன்சொன்ன சிர்க்கோனியாக் கிண்ண வகைக்கு உரியவை. 1990-களில் வந்த அகன்ற அளவு காட்டும் வகைக்கு அளவுகள் வேறு. விசாரிக்கும் முறையின் நெறி ஒன்றே.

இனி, சாட்சியையே கெடுத்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள், சோதனைக்கூடத்தில் இருக்கும்போது நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அடக்கிவிட்டு, சாலையில் ஓடும்போது தாராளமாக வெளிவிடுமாறு கணிப்பொறி நிரல் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. எந்தக் குறியெண்ணும் எழவில்லை. மேற்கு விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தினர் அளவைக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் வேற்றுமை வெளிப்பட்டது. அந்தச் சோதனையின்மீது கலிபோர்னியா வாரியமும் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஆராய்ந்தன. 2015 செப்டம்பரில் குற்றம் அறிவிக்கப்பட்டது. சில கார்கள் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நஞ்சை வெளிவிட்டதாகத் தெரிந்தது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்த நிரல் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

விளக்கு எரிந்தால் சென்சார் குற்றவாளி என்று முடிவு செய்வது எவ்வளவு தவறோ, விளக்கு எரியாவிட்டால் எல்லாம் நலம் என்று முடிவு செய்வதும் அவ்வளவே தவறு. 1943-இல் நாற்றமடித்த ஆலையை மூடியவர்கள் முதல் தவற்றைச் செய்தார்கள். எரியாத விளக்கை நம்பிக் கார் வாங்கியவர்கள் இரண்டாவதற்கு ஆளாக்கப்பட்டார்கள். இரண்டிலும் உண்மையை மீட்டது ஒரே முறைதான்: அவர் காற்றைக் குழாயில் பிடித்து ஆராய்ந்தார், இவர்கள் புகையைச் சாலையில் தாமே அளந்தார்கள்.

மாணவ நண்பர்கள் நாளை பொறியியலாளராகலாம், மருத்துவராகலாம், நீதிமன்றத்தில் வழக்குரைக்கலாம். எங்குச் சென்றாலும் உங்கள் முன் ஓர் எண்ணோ ஓர் அறிக்கையோ வந்து நிற்கும். அதைக் கூறியது எந்தக் கருவி? அது எதை மட்டும் அளக்க வல்லது? வேறு எந்தக் காரணத்தால் இதே எண் வரக்கூடும்? இம்மூன்று கேள்விகளையும் கேட்டபின் உங்கள் கை திருப்புளியை எடுக்கட்டும்.